கத்தரீனம்மாள் கோயில் வாசலில் ஊதுபெட்டி

நவம்பர் 9, ஞாயிறு

என் பெண்டாட்டி ஒச்சம்மா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். "நீ ஊருக்கு வந்து கதை சொன்னா பாதிக்குப் பாதி புளுகா இருக்கும். அன்னன்னைக்கு நடந்தத அன்னன்னைக்கே எழுதி வையி" என்று பெட்டியில் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வைத்தாள். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணலாக இருக்கும். விஷயம் நேராக இருக்கும்.

இது குவாதமாலா என்கிற தேசத்தில் ஒரு மலைக்கிராமம். போடியிலிருந்து பஸ், பிளேன், இன்னொரு பிளேன், லாரி, கடைசியில் கழுதைப்பாதை. வந்து பார்த்தால் மலை முழுக்க ஏலக்காய்! இதற்கு நான் போடிமெட்டுக்கே போயிருக்கலாம்.

எங்கள் மொதலாளி இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு ஊதுபெட்டி விற்றிருக்கிறார். ஊதுபெட்டி என்றால், பீரோவைப் படுக்கப் போட்ட மாதிரி ஓர் இரும்புப் பெட்டி. ஒரு பக்கம் மோட்டார், நடுவில் புல்லி என்கிற சக்கரத்தில் ஓடுகிற பெல்ட், மறுபக்கம் காற்றாடி. அடுப்புச் சூட்டை இழுத்துப் பச்சைக்காய்த் தட்டுகள் மேல் ஊதும். முதல் ஈடு காய் நிறம் மாறாமல் காய்ந்து வெளியே வந்தால்தான் எனக்குத் திரும்புகிற டிக்கெட். இங்கே எப்போதும் மழை, வெயிலில் காய வைக்க வழியில்லை. அவர்களுக்கும் இந்தப் பெட்டியை விட்டால் கதி இல்லை.

இந்த மலையில் தமிழ் பேச ஒரே ஓர் ஆள். சிஸ்டர் அமலோற்பவம். வடக்கன்குளத்துக்காரர், பத்தொன்பது வருஷமாக இங்கே இருக்கிறார். என்னைப் பார்த்ததும், "ஏ அய்யா, தமிழ் ஆளா! சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் கோயிலைக் காட்டக் கூட்டிப் போனார்.

இப்படி ஒரு மாதா கோயிலை நான் பார்த்ததில்லை. முகப்பு முழுக்க மஞ்சள். அதில் நீலப் பாவாடை கட்டிய, இறக்கை முளைத்த சம்மனசுகள், சிவப்புச் சோளக்கதிர், பல்லைக் காட்டுகிற இரண்டு புள்ளிப்புலிகள். உள்ளே பெஞ்சு கிடையாது. தரையெல்லாம் பைன் மர இலையைப் பரப்பி, அதன் மேல் உட்கார்ந்து நாலு நிறத்தில் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. ஒரு கிழவர் குடையை விரித்து ஒரு அம்மன் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, அந்த அம்மனிடம் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"கூரை ஒழுகுது. நீ கேட்டு வாங்கப்பிடாதா, வாய் இல்லையான்னு திட்டுதாரு" என்றார் சிஸ்டர். "கவா செபஸ்தியான். கவான்னா ஐயா மாதிரி. கோயிலுக்குப் பொறுப்பு அவருதான். பாதர் மாசம் ஒருக்கத்தான் வருவாவ."

அந்த அம்மன் புனித கத்தரீனம்மாளாம். இந்த ஊர்ப் பெண்கள் போடுகிற பூப்போட்ட ரவிக்கை ஒன்றின் மேல் ஒன்றாக நாலு போட்டிருந்தாள். கையில் ஒரு சக்கரம். நான் ஊதுபெட்டிப் புல்லியோ என்று நினைத்துக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.

இவர்களுக்கு மாயர் என்று பேர் என்றார் சிஸ்டர். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு மாயன். என் மச்சினனே சின்னமாயன்தான். அவனைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

ஊதுபெட்டியை மாட்டினேன். சுவிட்ச் போட்டதும் பெல்ட் கழன்று விழுந்தது. கூட நின்ற பையனைத் திரும்ப மாட்டச் சொன்னேன், திரும்ப விழுந்தது. புல்லி ஒரு நூல் சாய்ந்திருக்கும். உள்ளே கையை விட்டுத் தடவினால் தெரிந்துவிடும். நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 12, புதன்

மழை. நாளைக்குப் பார்க்கலாம்.

நவம்பர் 14, வெள்ளி

ஆயுத பூஜைக்கு இந்தப் பெட்டிக்கு ஒன்றும் செய்யாமல் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். அதுதான் கோளாறு என்று இன்று தோன்றியது. திருஷ்டி சுற்றப் பூசணிக்காய் கேட்டால் யாருக்கும் புரியவில்லை. சந்தையில் சௌசௌ இருந்தது. அது நம் கொடைக்கானல் காய், இங்கே எப்படி வந்தது என்று சிஸ்டரிடம் கேட்டேன். இந்த ஊரில்தான் பிறந்து அங்கே போனதாம். இத்தனை வருஷமாக என் வீட்டுக் கூட்டில் கிடந்தது வெளியூர்க்காரன்!

பெட்டியைச் சுற்றி வந்து சௌசௌவை ஓங்கித் தரையில் அடித்தேன். பூசணி மாதிரி உடையவில்லை. குதித்துப் போய் ஒரு ஆட்டின் மேல் விழுந்தது. ஆறு காய் அடித்தேன். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். திங்கிற காயை அடிக்கிறானே என்று ஒருத்தி ஆறையும் பொறுக்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்து, சாயங்காலம் எனக்கே ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டாள். அவள் பேர் ரொசாரியோ. நல்ல குழம்பு.

பெல்ட் விழுந்தது.

சின்னமாயன் இருந்தால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான். காய் தரம் பார்ப்பதிலும் அவன்தான். ஒரு காயை மூன்று விரலில் உருட்டிவிட்டு 'எட்டு எம்எம்' என்பான். சல்லடையில் போட்டால் எட்டேதான். மொதலாளி சல்லடையைத்தான் சந்தேகப்படுவார், அவனைப் பட மாட்டார். அதெல்லாம் அப்போது.

நவம்பர் 17, திங்கள்

பறிப்புத் தொடங்கிவிட்டது. இருபது மூட்டை பச்சைக்காய் வந்து ஷெட்டில் நிற்கிறது. ஏலக்காய் பறித்து இரண்டு நாளைக்கு மேல் தாங்காது. மூட்டைக்குள்ளேயே சூடேறிப் பழுத்துவிடும்.

செபஸ்தியான் குடையோடு வந்தார். பெட்டியைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், மோந்து பார்த்தார். சிஸ்டரிடம் என்னவோ சொன்னார்.

"அண்ணாச்சி, மிசினுக்குப் பசிக்காம்."

"என்னாது?"

"பசிக்காம். இங்க புது வீடு கட்டினாலும், புது வாத்தியம் செஞ்சாலும், கோயில் மணி வாங்கினாலும், மொதல்ல அதுக்குச் சோறு ஊட்டணும். வான்கோழிக் கறி, கொக்கோ, கரும்புக் கள்ளு. ஊட்டலைன்னா அது தன் ஆளுகளையே கடிச்சுத் தின்னுரும்."

"நீங்க சாமிக்கு நேந்துக்கிட்ட ஆளு. நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?"

"நான் எங்க சொன்னேன்? அவரு சொல்லுதாரு, நான் உங்களுக்குத் தமிழ்ல சொல்லுதேன். எங்க ஊர்ல புது லாரி வாங்கினா அந்தோணியார் கோயில் முன்ன நிறுத்தி டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்காவ. அத மறந்துட்டு இவருக்கு நான் புத்தி சொல்ல முடியுமா?"

ஊட்டுகிற இடம் கோயில். பெட்டியைக் கத்தரீனம்மாள் முன்னால் கொண்டுபோக வேண்டும். கொண்டுவந்த ஆள்தான் அதற்குத் தகப்பன். தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்பதற்கெல்லாம் உள்ளதைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் ஊட்டியது ஒட்டாதாம்.

"மொதக் கேள்வி இப்பவே கேக்காரு. இது இதுக்கு முன்ன யாரையும் தின்னிருக்கா?"

"புது மிசின் சிஸ்டர். பெயின்ட் வாசமே இன்னும் போகல."

"பெயின்ட் வாசம் இருக்காம். அதுக்குக் கீழ வேற வாசம் அடிக்காம்."

"கிரீசு."

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். செபஸ்தியான் இன்னொரு தரம் மோந்தார். போகும்போது குடையை என் தலைக்கு மேலே கொஞ்ச தூரம் பிடித்துக்கொண்டு வந்தார். மழை பெய்யவில்லை.

நவம்பர் 20, வியாழன்

பன்னிரண்டு பேர். கயிறு, மூங்கில், முன்னால் கொட்டு, பின்னால் வயலின், நடுவில் ஊதுபெட்டி. சப்பரம் தூக்குகிற மாதிரி தூக்கி வந்தார்கள். தெருவில் பெண்கள் மண்டியிட்டுச் சிலுவை போட்டார்கள். எனக்குத் தலையில் ஒரு தொப்பி வைத்து முன்னால் நடக்க விட்டார்கள், நான் தகப்பனாம். எங்கள் ஊர்த் தேரை இத்தனை வருஷம் பார்த்தவன், என் மோட்டாருக்குத் தேர் ஓடுகிறதைக் கண்ணால் கண்டேன்.

கோயில் வாசலில் பாதிப் பெட்டி உள்ளே போனது. மீதி போகவில்லை. வெளியேயும் வரவில்லை.

பெல்ட் மூடியைத் தாங்குகிற இரண்டு போல்ட் வாசல் நிலையில் மாட்டிக்கொண்டது. நிலையை அறுக்கக் கூடாது, நூறு வருஷத்து மரம், புலி செதுக்கியிருக்கிறது. பெட்டிக்குள் கையை விட்டு அந்த இரண்டு போல்டைக் கழற்றினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் என் ஸ்பேனர் அதற்குச் சேராது.

"எந்த ஸ்பேனர் சேரும்?" என்று கேட்டார் சிஸ்டர்.

"அது போடியில இருக்கு."

நவம்பர் 21, வெள்ளி

செபஸ்தியான் ஊரெல்லாம் அலைந்து பதினாலு ஸ்பேனர் கொண்டுவந்தார். ஒன்றும் சேரவில்லை. மாட்டிப் பார்த்தாயா என்று ஒச்சம்மா கேட்பாள். கேட்கட்டும்.

நவம்பர் 22, சனி

கோயிலுக்கு இப்போது ஜன்னல்தான் வழி. இன்று ஒரு ஞானஸ்நானம், பாதர் இல்லாததால் சிஸ்டரே கொடுத்தார். தாய் ஒரு ஜன்னலில் ஏற, ஞானத்தாய் இன்னொரு ஜன்னலில் ஏற, பிள்ளையைக் கைக்குக் கை மாற்றி உள்ளே கொடுத்தார்கள். தெருவில் தேங்காய் இறக்குகிற மாதிரி இருந்தது. பிள்ளை அழவில்லை, ஞானத்தகப்பன் அழுதார், அவருக்கு இடுப்பு பெரிசு.

ஊதுபெட்டிக்கு யாரோ மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறார்கள். இன்னொருத்தர் மோட்டாருக்கு ரவிக்கை போட்டுவிட்டார். மூட்டு வலிக்கு வேண்டிக்கொள்ள அடுத்த மலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கத்தரீனம்மாளுக்குப் பெட்டியின் பின்பக்கம்தான் தெரிகிறது. அவள் முகம் எனக்கு நல்லதாகப் படவில்லை.

"இருவத்தஞ்சு கத்தரீனம்மா திருநாளு. பாதர் வருவாவ, அண்ணாச்சி. நான் என்னன்னு சொல்ல?"

"ஒரு சின்ன வேலை பாக்கி இருக்குன்னு சொல்லுங்க."

"அந்தச் சின்ன வேலை என்னன்னுதான் நானும் கேக்கேன்."

ஷெட்டில் அறுபது மூட்டை. பக்கத்தில் போனாலே புளிச்ச வாடை. ரொசாரியோ தன் மூட்டையைத் தலையில் சுமந்துகொண்டு வாசலுக்கு வந்தாள். அவளுக்கு இருப்பதே ஒரு மூட்டை. அவிழ்த்துப் பெட்டி முன்னால் கொட்டினாள். பாதிக்கு மேல் பழுப்பு. பெட்டியைப் பார்த்து மெதுவாக என்னவோ சொன்னாள்.

"என்னையத் திட்டுறாளா?" என்று கேட்டேன்.

"உங்கள ஒண்ணும் சொல்லல. மிசின்ட்டதான் பேசுதா. பசிச்சா என் காயத் தின்னுக்கோ, ஆனா தின்னுட்டு வேல செய்யின்னு."

அவள் போன பிறகு ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தேன். எனக்கு எம்எம் தெரியாது.

நவம்பர் 24, திங்கள்

சின்னமாயனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் பார்த்தேன். அடித்தால் அடித்தது தெரியும். விட்டுவிட்டேன்.

ஒச்சம்மா போனில், "எந்தம்பி ஒன்னைய விசாரிச்சான். ரெண்டு பேருக்கும் என்னாத்துக்குப் பேச்சுவார்த்த இல்ல?" என்றாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 25, செவ்வாய், திருநாள்

கை இன்னும் கிரீசாக இருக்கிறது. நோட்டிலும் அப்பிவிட்டது. இருந்தாலும் இன்றைக்கே எழுத வேண்டும்.

காலையில் பாதர் வந்தார். சின்ன வயசு. வாசலைப் பார்த்தார், ரவிக்கை போட்ட மோட்டாரைப் பார்த்தார். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஜன்னல் ஏறினார். இந்த ஊருக்கு ஏற்ற பாதர்.

வாசலுக்கு வெளியே ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. பைன் இலை பரப்பி, நாலு மூலைக்கு நாலு மெழுகுவத்தி, நடுவில் ஒன்று. வான்கோழிக் குழம்பு சட்டியில் கொதித்தது. என்னைப் பெட்டி பக்கத்தில் உட்கார வைத்து அதே தொப்பியை வைத்தார்கள். செபஸ்தியான் கேட்டார். சிஸ்டர் தமிழில் சொன்னார்.

"இது இதுக்கு முன்ன யாரையும் தின்னிருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிரே ரொசாரியோ காலி சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு வாசம் வேறு. கெடாவெட்டுப் பந்தியில் வருகிற அதே வாசம்.

"தின்னுருக்கு சிஸ்டர்" என்றேன். "போன தையில. எம்மச்சினன் சின்னமாயனுக்கு வலது கையில மூணு வெரலு போச்சு. ஓடுற மிசினுல கைய விட்டான்னு ஊரெல்லாம் சொல்றாய்ங்க. மிசின் ஓடல. நின்னுக்கிட்டு இருந்துச்சு. அவன் உள்ள கைய விட்டுப் புல்லிய நேரு பண்ணிக்கிட்டு இருந்தான். அன்னைக்குக் கெடாவெட்டு. மொதப் பந்தி முடிஞ்சிரும்னு நாந்தேன் அவனப் பாக்காம சுச்சப் போட்டேன். அவன் யார்கிட்டயும் சொல்லல. நானும் சொல்லல. இந்தப் பெயின்ட்ட அடிச்சதும் நாந்தேன்."

சிஸ்டர் தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு அவர்கள் பாஷையில் சொன்னார். நான் சொன்னதில் பாதி நீளம்கூட இல்லை. யாரும் கூச்சல் போடவில்லை. செபஸ்தியான் மூக்கைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார், இதைத்தான் மோந்தேன் என்கிற மாதிரி.

"வெரலத் தின்னக் குடுத்தவனக் கேக்காம சோறு ஊட்டக்கூடாதாம்" என்றார் சிஸ்டர். "அவரக் கூப்பிடுங்க."

"இப்பவா?"

"குழம்பு ஆறுதுல்லா."

ஊரே பார்க்க போன் போட்டேன். அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். இரண்டாம் மணியில் எடுத்துவிட்டான்.

"யாரு, மச்சானா?"

"மாயா, ஒண்ணு சொல்லணும்டா."

"சுச்சுதானே?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"எனக்குத் தெரியாதாக்கும்? கைய உள்ள விட்டுக்கிட்டு ஓம் மூஞ்சியத்தேன் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வாசலப் பாத்துக்கிட்டு இருந்த. இந்தா சொல்லுவ, அந்தா சொல்லுவன்னு பத்து மாசம் ஆச்சு. இப்ப எங்க இருக்க?"

"கோயில் வாசல்ல. மிசின் மாட்டிக்கிச்சு. அதுக்குச் சோறு ஊட்டணுமாம். ஒன்னையக் கேட்டுட்டுத்தேன் ஊட்டணுமாம்."

தட்டைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது.

"எந்த மிசினு?"

"அதே மிசினுதேன்."

"மச்சான், குடிச்சிருக்கியா?"

"இன்னும் இல்ல. ஊட்டுனப்பொறம்தேன் குடுப்பாய்ங்களாம்."

"போன மிசினுக்கு நேரா புடி" என்றான். ஸ்பீக்கரைப் போட்டுப் பிடித்தேன்.

"ஏன்டா தகரப் பயலே! ஒனக்கு எவன் வெரலும் கெடைக்கலியா? பேதில போவ! ஒனக்கு எத்தன டப்பா கிரீசு வச்சேன்டா இந்தக் கையால, நன்றி கெட்ட நாயே! பேதில போவ! எம்மகளுக்குத் தலை பின்னிவிட முடியாமப் பண்ணிட்டியேடா, எட்டு எம்எம்முக்கும் ஏழு எம்எம்முக்கும் வித்தியாசம் தெரியாம ஆக்கிட்டியேடா! பேதில போவ!"

மூன்றாவது தரம் அவன் மூச்சு வாங்கியபோது, பின்னால் ஒரு கிழவி தயக்கமாக, "பேதிலபோவ" என்றாள். அடுத்த தரம் நாற்பது பேர் சொன்னார்கள். பிறகு ஊரே. செபஸ்தியான் குடையை மூடிவிட்டு மண்டியிட்டார். உள்ளேயிருந்து பாதர் ஜன்னலில் தலையை நீட்டி சிஸ்டரிடம் என்னவோ கேட்டார்.

"தமிழ்ல மன்றாட்டு மாலைன்னு சொல்லிட்டேன்" என்றார் சிஸ்டர். "இந்தப் பொய்க்கு இன்னைக்கே பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

கால் மணி நேரம் திட்டினான். கடைசியில் குரல் கம்மிவிட்டது. போனிலேயே தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது.

"சரி, ஊட்டச் சொல்லு. என்னா கறி?"

"வான்கோழி."

"காரம் போடுவாய்ங்களா?"

"போட்டிருக்காய்ங்க."

"அப்பறம் என்ன. மச்சான், அந்தப் புல்லி உள்பக்கமா ஒரு நூலு சாஞ்சிருக்கும். அன்னைக்கு அதத்தேன் பண்ணிக்கிட்டு இருந்தேன். கைய விட்டு வெளிய இழு. வந்துரும்."

பெட்டிக்குக் கரண்டு கிடையாது. ஒயர் சுருட்டி என் தோளில்தான் தொங்கியது. மலைக்கே அன்று காலையிலிருந்து கரண்டு இல்லை. இருந்தாலும் கை போகவில்லை. "மாயா, லைன்ல இரு" என்றேன். "இருக்கேன், நீ விடு" என்றான். விட்டேன். புல்லி சில்லென்று இருந்தது. இழுத்தேன், வந்தது. பதினாலு ஸ்பேனரில் முதல் ஸ்பேனரே போல்டுக்குச் சேர்ந்தது. பெட்டி வழுக்கிக்கொண்டு உள்ளே போய்க் கத்தரீனம்மாள் காலடியில் நின்றது. வாய்ப்பக்கத்தில் குழம்பு, நாலு மூலைக்கும் கொக்கோ, மோட்டாருக்குக் கள் தெளித்தார்கள். மீதிக் கள்ளைத் தகப்பனுக்குக் கொடுத்தார்கள்.

ரொசாரியோ ஒரு தட்டில் சோறும் ஒரு கால் கறியும் வைத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். போனைக் காட்டினாள்.

நவம்பர் 28, வெள்ளி

கெட்ட மூட்டைகளை ஓடையில் கொட்டினோம், அறுபதும். ரொசாரியோ நேற்று மறுபடி பறித்த அரை மூட்டையைத்தான் முதல் தட்டில் பரப்பினேன். பெல்ட் விழவில்லை. இன்று காலையில் காய் வெளியே வந்தது, பச்சை கொஞ்சமும் மாறவில்லை. டிக்கெட் போட்டுவிட்டதாக மொதலாளி சொன்னார். பழைய மிசினைப் புதுசு என்று விற்றதை இவர்களிடம் சொல்லிவிட்டேன் என்றேன். அவர் பக்கத்தில் சிக்னல் போய்விட்டது.

இங்கே ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. சுவிட்ச் போடுமுன் ஷெட்டில் இருக்கிற எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை விரித்துக் காட்ட வேண்டும். செபஸ்தியான் எண்ணுகிறார். சரியாக இருந்தால் எல்லாரும் சிலுவை போட்டு, "பேதிலபோவ" என்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாரும் சிஸ்டரைக் கேட்கிறார்கள். பழைய தமிழ், தனக்கும் சரியாகத் தெரியாது என்கிறார்.

முதல் ஈட்டில் ஒரு பிடி காயைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். சின்னமாயனுக்கு இடது கையில் ஐந்து விரலும் இருக்கிறது, உருட்டிப் பார்க்கட்டும்.

அவனுக்கு நேற்றும் போன் போட்டேன். மிசினுக்குச் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டதாம். எனக்குள்ளது இன்னும் ஆரம்பிக்கவே இல்லையாம். நேரில் வா என்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பிளேன்.